சலவைக்குப் போன அளவு நாடா

11-2-1955, வெள்ளி. இன்று ஒரு பிழை செய்தேன். சலவைக்குப் போட்ட சாமான்கள் பதினொன்று என்று நோட்டில் எழுதிவிட்டேன். உண்மையில் பன்னிரண்டு. நடுவர் வெள்ளைக் கோட்டு ஆறு, கொடி மூன்று, மேசை விரிப்பு இரண்டு. விட்டுப்போனது அளவு நாடா ஒன்று. அடித்துத் திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தேன்.

இதை எழுதிவிட்டு வாவு முகம்மது மூன்று தடவை படித்துப் பார்த்தான். எழுதியதிலேயே ஒரு பிழை இருக்குமோ என்று அவனுக்குச் சந்தேகம். பெரியபட்டினத்துப் பையன், வயது இருபத்திரண்டு. பகலில் சேது வட்டார மெய்வல்லுநர் சங்கத்தில் தற்காலிக எழுத்தர், மாலையில் இராமநாதபுரம் தட்டச்சு வகுப்பில் மாணவன். தினமும் நாள்குறிப்பு எழுதுங்கள், அன்று செய்த பிழையை முதல் வரியில் எழுதுங்கள் என்று வகுப்பு வாத்தியார் ஒருநாள் சொல்லியிருந்தார். மற்றவர்கள் நாலு நாளில் நிறுத்திவிட்டார்கள். வாவு ஐந்து மாதமாக ஒரு நாள் விடவில்லை. பிழையே செய்யாத நாட்களில், 'இன்று பிழை எதுவும் கண்ணில் படவில்லை' என்று எழுதுவான். அந்த நாட்களில்தான் அவனுக்குத் தூக்கம் சரியாக வராது.

சங்கத்தின் விதி பதினான்கு இப்படிச் சொல்கிறது: 'போட்டிக்குரிய துணிகள் யாவும் போட்டிக்கு முன் வெளுக்கப்பட்டிருத்தல் வேண்டும்.' அளவு நாடாவும் துணிதான். நூறு அடி நீளம், நல்ல லினன், 1946இல் சங்கம் தொடங்கியபோது புதிதாக வாங்கியது. ஆகவே வருடா வருடம் அதுவும் வெள்ளாவிக்குப் போய், கஞ்சி போட்டு, இஸ்திரி ஆகி வரும். சங்கத்தில் எல்லாவற்றையும் சந்தேகப்படுவார்கள். ஓட வந்தவனின் வயதை, எறிய வந்தவனின் ஊரை, சோடா வாங்கிவந்தவனின் சில்லறையை. நாடாவை மட்டும் யாரும் சந்தேகப்பட்டதில்லை. அவ்வளவு வெள்ளையாக இருந்தது.

சங்கத்துக்கு ஒரு பெருமை உண்டு. தொடங்கிய நாளிலிருந்து அதன் எல்லைக்குள் எல்லா விளையாட்டும் ஏறுமுகம்தான். நீளத் தாண்டல், குண்டு எறிதல், ஈட்டி எல்லாம் வருடத்துக்கு இரண்டு அங்குலம், மூன்று அங்குலம் என்று கூடிக்கொண்டே வந்தன. நாடாவை வைத்துக் கோடு போட்ட மைதானத்தில் ஓட்டக்காரர்களும் வருடா வருடம் வேகமாக ஓடினார்கள். இப்படி ஒரே சீராக முன்னேறும் சங்கம் மாகாணத்திலேயே வேறு இல்லை என்று மூன்று தடவை 'முன்னேற்றக் கேடயம்' கொடுத்திருந்தார்கள். அது தலைவர் உக்கிரபாண்டியின் நாற்காலிக்கு மேலே, அவர் தலைக்குச் சரியாக மாட்டப்பட்டிருந்தது.

அந்த வருடம் ஏப்ரலில் கொழும்பில் ஒரு பன்னாட்டுத் தடகளப் போட்டி. மும்முறைத் தாண்டலுக்கு நாற்பத்தெட்டு அடி தாண்டக்கூடியவர் யாரேனும் இருந்தால் தேர்வு நடத்தி, மாதம் முடிவதற்குள் பெயர் அனுப்புமாறு சென்னையிலிருந்து கடிதம் வந்திருந்தது. "நம்ம பக்கம் எவன் இருக்கான்? இருந்தாலும் சங்கம்னு ஒண்ணு இருக்குல்ல, தேர்வு வைப்போம்" என்றார் செயலாளர் சோணைமுத்து. அவர் ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர். ஊதல் கழுத்தில் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. பேசும்போது முற்றுப்புள்ளி வரும் இடத்தில் ஒரு தடவை ஊதுவார்.

பதின்மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை தேர்வுக்கு ஏழு பேர் வந்தார்கள். ஏழாவது ஆள் இன்னாசி. பாம்பனில் ரயில்பாதையில் கேங்மேன். அந்தத் தீவில் காற்றடித்தால் மணல் தண்டவாளத்தின் மேல் ஏறிப் படுத்துக்கொள்ளும். அதை வாரி அந்தப் பக்கம் போடுவது அவன் வேலை. வாரிப் போட்ட மணலில் வேலை முடிந்ததும் தாண்டிப் பார்ப்பான். பார்த்துப் பார்த்து அவனுக்கே ஒரு முறை வந்துவிட்டது. தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தவன், துண்டை மடித்து ஓரமாக வைத்தான். ஓடி வந்து பலகையை மிதித்தான். ஒரே காலில் தத்தி, மறு காலுக்கு எட்டி, அங்கிருந்து தாவி மணலில் விழுந்தான். பார்த்தவர்களுக்கு அவன் விழுந்ததாகவே தெரியவில்லை. யாரோ அங்கே கொண்டுபோய் வைத்ததுபோல் இருந்தது.

சோணைமுத்து அளந்தார். அளந்ததை நம்பாமல் மறுபடி அளந்தார். மூன்றாவது தடவை வாவுவை விட்டு அளக்கச் சொன்னார். நாற்பத்தொன்பது அடி பதினோரு அங்குலம்.

கைதட்டல் எழவில்லை. சோணைமுத்து ஊதலை வாயில் வைத்தார், காற்றுதான் வந்தது. அவனுக்கு முன் தாண்டிய ஆறு பேரில் யாரும் நாற்பத்து மூன்றைத் தாண்டியிருக்கவில்லை.

"தம்பி, அளவுல தப்பு இருக்கு" என்றான் இன்னாசி, வாவுவிடம் தணிந்த குரலில்.

"கொறையுதாண்ணே?"

"கூடுது. நான் தாண்டுறது இருபத்தி நாலு தண்டவாளக் கட்டை, அதுக்கு மேல நாலு வெரக்கடை. லைன் ஓரமா எண்ணித்தான் தாண்டுவேன். கட்டைக்குக் கட்டை ரெண்டு அடி. நானே கோல் வச்சுப் பாத்துப் போட்டது. இவரு சொல்ற கணக்கு எனக்கு ஒட்டலை."

மூன்றாவது தடவை அளந்தது வாவு. அன்று மாலை அலுவலகத்தைப் பூட்டுவதற்கு முன் நாடாவை எடுத்து, தன் கண்ணில் குறையா என்று சோதிக்க, கையில் கிடைத்ததை எல்லாம் அளந்தான். தன்னையே சுவரோடு நிறுத்தி அளந்தான். வேலைக்குச் சேர்ந்தபோது ஐந்தடி ஐந்து. இப்போது ஐந்தடி ஏழு. இந்த வயதில் வளர்ந்திருக்க முடியுமா என்று கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு தலைவரின் மேசையை அளந்தான். சாமான் பதிவேட்டில் 'தேக்கு மேசை, ஆறு அடி' என்று இருந்தது. நாடா ஆறடி இரண்டரை அங்குலம் என்றது. தான் வளர்ந்ததை அவன் நம்பத் தயாராக இருந்தான். மேசை வளர்ந்ததை நம்ப முடியவில்லை.

நாள்குறிப்பில் எழுதினான்: 'மேசை வளர்ந்துள்ளது. அல்லது நான் அளந்தது தவறு. இரண்டாவதுதான் இருக்க வேண்டும்.'

செவ்வாய்க்கிழமை இன்னாசியை வரவழைத்து விசாரணைக் குழு கூடியது. தலைவர் உக்கிரபாண்டி கேடயத்துக்குக் கீழே உட்கார்ந்து, அவன் விண்ணப்பத்தை எடுத்துக் கண்ணுக்கு அருகில் வைத்துக்கொண்டார்.

"நான் பத்து வருஷமாத் தலைவர். இந்தப் பத்து வருஷத்துல ஒருத்தன்கூட அம்பது அடி பக்கத்துல வந்ததில்லை. அப்படி நான் நிர்வாகம் பண்ணியிருக்கேன். இப்ப இவன் வந்து தாண்டிட்டேங்குறான். யாரைக் கேட்டுத் தாண்டினான்?"

"தேர்வுக்குத் தாண்டினேன் சார்."

"ஒரே காலை ரெண்டு தடவை ஊண்டியிருக்க. எடதுல தத்தி, மறுபடி எடதுலயே எறங்குற. வலது கால் என்ன பண்ணுது அங்கன? அது எதுக்கு ஒதுங்கியிருக்கு?"

அது விளையாட்டின் விதிதான் என்று செயலாளர் காதில் சொன்னார். தலைவர் தலையசைத்தார். "விதியாவே இருக்கட்டும். அதைச் சரியாத் தெரிஞ்சு வச்சிருக்கானே, அதான் சந்தேகமா இருக்கு."

அடுத்து, மணல். மைதானத்துக் குழியில் பாம்பன் மணலைக் கொண்டுவந்து தூவினாயா என்று கேட்டார்கள். இல்லை என்றான். ஏன் தூவவில்லை என்று கேட்டார்கள். பிறகு விண்ணப்பத்தில் பன்னிரண்டாவது வரிக்கு வந்தார்கள். 'வெளிநாட்டில் உறவினர்: அண்ணன், கொழும்பு துறைமுகத்தில் கூலி.'

தலைவர் விண்ணப்பத்தை மேசையில் வைத்தார். குழு முழுவதும் ஒரு பெருமூச்சு விட்டது. பிடிபட்டது என்று அர்த்தம்.

"ஆக, நீ தாண்டப் பாக்குறது மண்ணை இல்ல. சமுத்திரத்தை."

"அண்ணனப் பாக்கணும்னா கள்ளத்தோணி ஏறி என்னிக்கோ போயிருப்பேனே சார். அதுக்கு எதுக்கு நான் மண்ணுல மூணு தடவ விழணும்?"

"கள்ளத்தோணி எங்கன கெடைக்கும்னு தெரிஞ்சிருக்கு. குறிச்சுக்கய்யா" என்றார் தலைவர். வாவு குறித்தான். குறித்தது சரிதானா என்று இன்னொரு தடவை படித்துப் பார்த்தான்.

கடைசியாகக் காற்று. அன்று பின்னாலிருந்து காற்றடித்து அவனைத் தள்ளியதா? சங்கத்திடம் காற்றை அளக்கும் கருவி இல்லை. ஆனால் மைதானத்து ஓரம் இரண்டு பனைக்கு நடுவே சலவைக்காரி பொன்னாயியின் துணிக்கொடி இருந்தது. துணி எந்தப் பக்கம் ஆடியது என்பது சாட்சியம். ஆகவே பொன்னாயி அழைக்கப்பட்டாள். இடுப்பில் மூட்டையோடு வந்து, மூட்டையை இறக்காமலே நின்றாள்.

"அன்னைக்குத் துணி எந்தப் பக்கம் ஆடுச்சு?"

"எந்தப் பக்கமும் ஆடலை. ஈரத்துணி கல்லு மாதிரி தொங்குச்சு. காத்தே இல்லையேன்னு நான் ஏசிக்கிட்டுக் கெடந்தேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"யோசிக்க என்னத்த இருக்கு? காத்தில்லன்னா இல்ல. நீங்க போட்ட நாடாதான் ஆடும், அதுவும் இப்ப முன்ன மாதிரி ஆடுறதில்ல. மொத வருசம் இந்தப் பனைக்கும் அந்தப் பனைக்குமா மூணு நடை இழுத்துக் கட்டினா ஒரு மொழம் மிச்சம் தொங்கும். இப்ப மூணாம் நடை பனையத் தொடவே மாட்டேங்குது. ஒரு சும்மாட்டுக் கயித்த முடிஞ்சுதான் கட்டுறேன்."

வாவுவின் பேனா நின்றது.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்றார் தலைவர். "காத்தைப் பத்திக் கேட்டா நாடாவைப் பத்திச் சொல்ற. அதை அடிச்சிருய்யா."

"ஆமா, அடிச்சுத் தொவச்சுத்தான் இம்புட்டூண்டு ஆயிருச்சு" என்று சொல்லிக்கொண்டே பொன்னாயி போய்விட்டாள். வாவு நடவடிக்கைக் குறிப்பில் அந்த வரிகளை அடித்தான். அன்று மாலை நாள்குறிப்பில் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டான். மேசை வளரவில்லை என்பது அவனுக்கு அப்போது தெரிந்துவிட்டது. ஆனால் தனக்குத் தெரிந்துவிட்டது என்பதையே அவன் சந்தேகப்பட்டான். பத்து வருடமாகப் பெரிய மனிதர்கள் கையில் இருக்கும் நாடா. ஐந்து மாத எழுத்தனுக்குத் தெரிந்தது அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

குழு ஒரு முடிவு எடுத்தது: சனிக்கிழமை இன்னாசி மறுபடி தாண்ட வேண்டும். மறுதேர்வும் தேர்வுதான், விதி பதினான்கு பொருந்தும். நாடா மறுபடி வெள்ளாவிக்குப் போக வேண்டும். அது பதினோராவது சலவை.

"சார், இந்தத் தடவை வெளுக்காம அளந்து பார்க்கலாமா?" என்று வாவு கேட்டான். கேட்பதற்கு அவனுக்கு இரண்டு நாள் ஆயிற்று.

சோணைமுத்து அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அழுக்கு நாடாவுலயா? ஏலே, உனக்கு என்ன வந்துச்சு?" ஊதினார்.

சனிக்கிழமை, ஐம்பது அடி இரண்டு அங்குலம்.

சந்தேகம் வலுத்தது. "ஆறு நாள்ல மூணு அங்குலம் எப்படிய்யா கூடும்? நம்ம சங்கத்துல அதுக்கு ஒன்றரை வருஷம் ஆகும்" என்றார் தலைவர். இன்னாசி மண்ணிலிருந்து எழுந்து அளவைக் கேட்டுவிட்டு, தன் கால்களைக் குனிந்து பார்த்துக்கொண்டான். "இன்னைக்குக் காலு சரியா விழலையே தம்பி. கொறையணும்ல?" என்று வாவுவிடம் கேட்டான். ஊரில் உள்ளவர்களில் தன் தாண்டலைக் குறைத்துச் சொல்லி மன்றாடிக்கொண்டிருந்தவன் அவன் ஒருவன்தான். அதையும் தந்திரம் என்று குறித்துக்கொண்டார்கள்.

பார்வையாளர் ஒருவரை அனுப்பும்படி சென்னைக்குத் தந்தி போனது. பார்வையாளர் தாமோதரன் இருபத்தாறாம் தேதி காலை வந்தார். மூக்கில் கைக்குட்டையும் கையில் ஒரு தோல்பெட்டியும். பெட்டிக்குள் எஃகு நாடா. அவருக்கு மரியாதை செய்யும் விதமாகச் சங்கத்து நாடாவும் பன்னிரண்டாவது முறையாக வெளுத்து, இரட்டைக் கஞ்சி போட்டு, பூமாலைபோல் சுருட்டித் தட்டில் வைக்கப்பட்டிருந்தது.

இன்னாசி தாண்டினான். ஒரே தாண்டல், ஒரே மணல், ஒரே குழிவு. துணி நாடா ஐம்பது அடி மூன்று அங்குலம் என்றது. எஃகு நாடா நாற்பத்தெட்டு அடி மூன்று அங்குலம் என்றது.

"அங்கன பாருங்க. அதான். அதான் என் அளவு" என்று இன்னாசி குதித்தான். தகுதி அளவுக்கு மேலே மூன்று அங்குலம். கொழும்புக்கு அது போதும்.

பிற்பகல் குழு மறுபடி கூடியது. முதலில் தலைவர் பேசினார். எஃகு என்பது வெயிலில் நீளும் உலோகம் என்றும், நீண்ட நாடா குறைத்துத்தான் காட்டும் என்றும், இது விஞ்ஞானம் என்றும் சொன்னார்.

"நீளும் சார். நெசந்தான்" என்றான் இன்னாசி. "தண்டவாளத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவுல அதுக்குத்தான் இடம் விடுறோம். கால் அங்குலம். சித்திரை வெயில்லயும் அதுக்கு மேல நீண்டதில்லை. ரெண்டு அடி நீண்டுச்சுன்னா போட்மெயில் வண்டி கடலுக்குள்ளல்ல போகும்?"

"கேங்மேன் விஞ்ஞானம் பேசுறான்" என்றார் தலைவர். "குறிச்சுக்கய்யா."

வாவு குறிக்கவில்லை. எழுந்து நின்றான். மேசையைப் பிடித்துக்கொண்டான்; வளர்ந்த அதே மேசை. சலவை நோட்டை விரித்து, பத்து வருடத்துப் பத்துச் சலவையையும் இந்த மாதத்து இரண்டையும் வாசித்தான். மேசையின் நீளத்தைச் சொன்னான். பொன்னாயியின் பனைமரத்தைச் சொன்னான். "நாடா சுருங்கியிருக்கலாம்னு எனக்கு ஒரு சந்தேகம் சார். நான் தப்பாகவும் இருக்கலாம்" என்று முடித்தான்.

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். வாவுவை அல்ல, கேடயத்தை. நாடா சுருங்கியது என்றால் சங்கம் முன்னேறவில்லை. பத்து வருடத்து வீரர்களும் நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறார்கள், பொன்னாயிதான் முன்னேற்றியிருக்கிறாள்.

"சோதிச்சிருவோம்" என்றார் சோணைமுத்து. நாடாவை வராந்தாவில் விரிக்கச் சொன்னார். ஒரு முனையில் ஒருவரும் மறு முனையில் ஒருவரும் நின்றார்கள். "இந்த முனையில என்ன எண்?"

"பூச்சியம்."

"அந்த முனையில?"

"நூறு."

"நூறு அடி நாடா நூறு அடி இருக்கு" என்று அறிவித்து ஊதினார். குழு கைதட்டியது. அந்த மாதத்தில் சங்கத்தில் எழுந்த முதல் கைதட்டல் அதுதான்.

"அப்ப மேசை, சார்?" என்றான் வாவு.

"உப்புக்காத்து. மரம் ஊதும்." தலைவர் முன்னால் சாய்ந்தார். "அதை விடு. நீ எதுக்கு இதெல்லாம் எழுதி வச்சிருக்க? செஞ்ச பிழையத் தானே எழுதி வைக்கிறவனை நான் பார்த்ததில்லை. சின்னப் பிழையா எழுதி எழுதி எந்தப் பெரிய பிழைய மறைக்குற? யாருக்குக் குடுக்க?"

வாவு ஒரு கணம் தானே தன்னைச் சந்தேகித்தான். யோசித்துப் பார்த்தான். அப்படி எதுவும் அகப்படவில்லை.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது: ஒரே மணலில் ஒரே நாளில் ஒருவன் இரண்டு விதமாகத் தாண்டியிருப்பதால் அவன் நம்பத்தக்கவன் அல்ல. விசாரணை ஜூன் மாதம் முடியும். அதுவரை பெயர் அனுப்பப்பட மாட்டாது. போட்டி ஏப்ரலில் என்று யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பார்வையாளர் தாமோதரன் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தார். "எனக்கு எந்த எண்ணும் சம்மதம். சென்னைக்கு ஒரே எண்ணாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ராமேஸ்வரம் போய்த் தீர்த்தமாடிவிட்டு நாளைக் காலை வண்டியில் திரும்புகிறேன். பெயர் அனுப்பும் படிவத்தில் என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். எண்ணை நீங்கள் பேசி முடிவு செய்து நிரப்பிக் கொள்ளுங்கள். பாம்பன் ஸ்டேஷனில் யாராவது கொண்டுவந்து கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன். கொடுக்காவிட்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை."

கோப்பில் கட்டிவைக்கும்படி படிவத்தை வாவுவிடம் கொடுத்துவிட்டு எல்லோரும் காப்பி சாப்பிடப் போனார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் இன்னாசி துண்டை உதறிக்கொண்டிருந்தான்.

"விடுங்க தம்பி. மணல் எங்கயும் போயிராது. நாளைக்குப் போயி வாரணும்."

"அண்ணனுக்கு எழுதிட்டீகளா, வாரேன்னு?"

"எழுதிட்டேன்." துண்டைத் தோளில் போட்டான். "அவனும் நம்ப மாட்டான். சின்னதுல நான் மரத்துலேர்ந்து குதிச்சேன்னு சொன்னாலே அளந்து காட்டும்பான்." சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "உங்களுக்கும் என்னால பொல்லாப்பு."

"நான் என்ன செஞ்சேன்? சலவைக் கணக்கு வாசிச்சேன்" என்றான் வாவு.

இன்னாசி ரயிலுக்குப் போன பிறகு, கோப்பில் கட்டுமுன் வாவு படிவத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தான். எதையும் படிக்காமல் கட்டுவது அவன் வழக்கமில்லை. கீழே இரண்டே இரண்டு கையெழுத்துக்கு இடம் இருந்தது. ஒன்று 'பார்வையாளர்'. அதில் தாமோதரன் போட்டிருந்தார். இன்னொன்று 'அளவைக் குறித்தவர்'. தலைவருக்கு இடமில்லை. செயலாளருக்கும் இடமில்லை. பழைய படிவங்களைப் புரட்டினான். பத்து வருடமாக அந்த இடத்தில் சோணைமுத்து போட்டு வந்திருந்தார். குறித்தது எப்போதும் எழுத்தர்தான். தப்பாகப் படித்துவிட்டோமோ என்று வாவு மறுபடி படித்தான். நாலாவது தடவையும் அப்படியேதான் இருந்தது.

அன்று அவன் தட்டச்சு வகுப்புக்குப் போகவில்லை. அலுவலக மேசையிலேயே நாள்குறிப்பை விரித்து எழுதினான்:

26-2-1955, சனி. இன்று பிழை ஒன்று. தெரிந்ததைச் சொல்லிவிட்டு, 'நான் தப்பாகவும் இருக்கலாம்' என்று கூடச் சேர்த்துச் சொன்னேன். அடித்துத் திருத்தினேன்.

நாளை: காலை வண்டி பாம்பனில் மூன்று நிமிடம் நிற்கும். அதற்கு முன் படிவத்தில் 48 அடி 3 அங்குலம் என்று எழுதி, அளவைக் குறித்தவர் என்ற இடத்தில் என் முழுப்பெயரைப் போட்டு, ஜன்னல் வழியாகப் பார்வையாளரிடம் கொடுக்க வேண்டும். திரும்பி வந்து சங்கத்துச் சாவியைச் செயலாளர் வீட்டில் ஒப்படைக்க வேண்டும். பேனாவில் மை நிரப்பிக்கொள்ள வேண்டும்.